கவச வண்டிக்கும் இருப்புப் பதிவேடு உண்டு

கலிபோர்னியாவில் ஓர் ஊரின் காவல் துறை, தன்னிடம் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் எத்தனை இருக்கின்றன, என்ன விலை, எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதையெல்லாம் எழுதி இணையத்தில் போட்டாக வேண்டும். மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் எனக்கு இந்த மாநிலத்தில் முதலில் பிடித்துப்போனது இதுதான். கடற்கரை, செம்மரக்காடு எல்லாம் அதற்கு அப்புறம்.

பணியில் இருந்தவரை நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் ஊராட்சி ஒன்றியங்களின் கணக்கைப் பார்த்தவன். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், கைப்பம்பு உதிரிபாகம் என்று எதுவாக இருந்தாலும் இருப்புப் பதிவேடு மேசைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குப் பேச்சே தொடங்கும். எனவே இந்த ஊர்க் காவல் துறையின் ஆண்டறிக்கையை மகன் கணினியில் திறந்து காட்டியதும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் தூங்கப் போய்விட்டான்.

இப்படிக் கணக்குக் காட்டச் சொல்லும் சட்டத்தின் பெயர் ஏபி 481, அதாவது சட்டமன்ற மசோதா எண் 481. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் டேவிட் சியூ கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். ட்ரோன், வெடிகுண்டு அகற்றும் ரோபோ, கவச வண்டி, கண்ணைக் கூசவைத்துக் காதை அடைக்கும் குண்டு, ரப்பர் தோட்டா, கூட்டத்தைக் கலைக்கும் பேரொலிக் கருவி எல்லாம் ‘ராணுவத் தளவாடம்’ என்று இது போடும் பட்டியலில் வருகின்றன. வெடிவைத்துக் கதவைத் தகர்க்கும் சாதனம் பட்டியலில் உண்டு. ஒற்றை ஆள் கையால் தூக்கி இடிக்கும் உலக்கை கிடையாது. இப்படி எல்லைக்கோட்டைத் துல்லியமாகப் போட்ட சட்டத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும்.

இந்தப் பொருள்களில் சில காவல் நிலையத்துக்கு எப்படி வந்தன என்பது தனிக் கதை. ராணுவத்தில் மிச்சப்பட்டதை உள்ளூர்க் காவல் துறைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு 1990களிலிருந்து இருக்கிறது. சட்டப் பிரிவின் எண்ணை வைத்து 1033 திட்டம் என்கிறார்கள். வாங்குகிறவர் கொண்டுவரும் செலவையும் பராமரிப்பையும் ஏற்றால் போதும். அதில் ஒரு நிபந்தனை என்னைச் சிரிக்கவைத்தது: வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாம். மார்ச் 31க்குள் நிதியைத் தீர்த்தாக வேண்டும் என்று நல்ல சாலையின் மேலேயே சாலை போட்ட ஒன்றியங்களின் கோப்புகளைப் பார்த்தவன் நான். கண்ணிவெடியைத் தாங்கும் வண்டி வாசலில் நின்றால் அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்கத்தான் தோன்றும். லாஸ் ஏஞ்சலஸில் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கென்று உள்ள காவல் துறையிடம்கூட அப்படியொரு வண்டியும் கையெறி குண்டு ஏவிகளும் இருந்தன. 2014இல் விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு எழுந்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

அதே 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் கவச வண்டியின் மேலிருந்து போராட்டக்காரர்களை நோக்கித் துப்பாக்கி நீண்டிருந்த படங்களை உலகம் பார்த்தது. மறு ஆண்டு ஒபாமா சில பொருள்களுக்குத் தடை போட்டார். தடைப் பட்டியலில் துப்பாக்கி முனையில் செருகும் கத்தியும் இருந்தது. எந்தத் தெருவில் எந்தத் திருடனைக் குத்துவதற்கோ! 2017இல் டிரம்ப் அந்தத் தடையை நீக்கினார். வாஷிங்டன் உத்தரவுகள் ஆளுக்கு ஆள் மாறும். உள்ளூர் நகர மன்றத்தைப் பொறுப்பாக்கும் மாநிலச் சட்டத்தின் அருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

2017இல் இன்னொன்றும் நடந்தது. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இல்லாத ஒரு காவல் அமைப்பைக் காகிதத்தில் உருவாக்கி 1033 திட்டத்தில் விண்ணப்பித்தது. இரவில் பார்க்கும் கண்ணாடி, பயிற்சித் துப்பாக்கி, பயிற்சிக் குழாய்க்குண்டு என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள், சுமார் 12 லட்சம் டாலர் மதிப்புள்ளவை, அதன் கைக்கு வந்து சேர்ந்தன. இப்படியொரு தணிக்கை செய்ய எனக்கு ஒருமுறையாவது அனுமதி கிடைத்திருந்தால்! போலிப் பயனாளிகள் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன்.

சரி, ஏபி 481க்கு வருகிறேன். புதிதாக வாங்குவதற்கு முன்னால் நகர மன்றம் பொதுக் கூட்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். பயன்பாட்டுக் கொள்கையின் வரைவு அந்தக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே இணையத்தில் வந்துவிட வேண்டும். மன்றம் சும்மா கை தூக்கக் கூடாது: வேறு நியாயமான மாற்று வழி இல்லை, மக்களின் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் காப்பு இருக்கிறது, விலை கட்டுபடியாகும் என்று தீர்மானித்தாக வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை வர வேண்டும். அது வந்த 30 நாளுக்குள் ஊர்மக்களைக் கூட்டிக் கேள்வி கேட்கவிட வேண்டும்.

இதெல்லாம் வெறும் காகிதம் என்பவர்களுக்கு 2022இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததைச் சொல்வேன். இந்தச் சட்டப்படி கொள்கை எழுதும்போது, ரோபோக்களை எவர்மீதும் பலப்பிரயோகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே நகர மன்றமாக இருக்கும் மேற்பார்வையாளர் குழுவின் உறுப்பினர் ஆரன் பெஸ்கின் ஒரு வரி சேர்த்தார். காவல் துறை அதை அடித்துவிட்டு, உயிராபத்து உடனடியாக இருந்து வேறு வழியில்லாதபோது ரோபோவைக் கொண்டு கொல்லலாம் என்று எழுதி அனுப்பியது. 2016இல் டாலஸ் காவல் துறை, ஐந்து காவலர்களைச் சுட்டுக் கொன்றவனை ரோபோவில் வெடிகுண்டு வைத்துக் கொன்றிருந்தது, அது முன்னுதாரணம். நவம்பர் 29 அன்று எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த வரி நிறைவேறியது. ஆனால் வரைவு பொதுவில் கிடந்தது, பத்திரிகைகள் எழுதின, மக்கள் நகர மன்ற வாசலில் கூடினார்கள். ஒரு வாரத்தில், டிசம்பர் 6 அன்று, அதே குழு முடிவை மாற்றி அத்தகைய பயன்பாட்டைத் தடுத்தது. ஏபி 481 இல்லாவிட்டால் அப்படியொரு வரி எழுதப்பட்டதே வெளியே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

மகன் இருக்கும் ஊரில் அவ்வளவு பரபரப்பு இல்லை. நூலக அறையில் நடந்த கூட்டத்தில் நாற்காலிகள் அதிகம், ஆட்கள் குறைவு. வந்தவர்களில் பாதிப்பேர் கார் கண்ணாடி உடைத்துத் திருடுகிறவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தார்கள். அதிகாரி மரியாதையாகவே பதில் சொன்னார். என் கேள்வியை மகன் ஆங்கிலத்தில் கேட்டான்: ரைபிள்கள் பட்டியலில் ஏன் இல்லை?

சட்டத்தில் உள்ள பொத்தல் அது. தாக்குதல் ரகத் துப்பாக்கிகள் கணக்கில் வரும்; ஆனால் ‘வழக்கமாக வழங்கப்படும் பணி ஆயுதம்’ என்றால் விலக்கு. எது வழக்கமானது என்று யார் முடிவு செய்வது? காவல் துறையேதான். ரோந்துக் கார்களில் ரைபிளைப் பரவலாகக் கொடுத்துவிட்டால் அது வழக்கமாகிவிடுகிறது. குறைவாக வைத்திருப்பவன் கணக்குக் காட்ட வேண்டும், நிறைய வைத்திருப்பவனுக்கு விலக்கு! தணிக்கை ஆட்சேபம் எழுத இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்ததில்லை. சில ஊர்களில் விலக்கு இருந்தும் ரைபிள்களைப் பட்டியலில் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆகவே முடியாத காரியமல்ல.

அதிகாரி, சட்டம் கேட்பதைக் கொடுத்திருக்கிறோம் என்றார். அது உண்மைதான். ஆனால் சட்டம் கேட்பதற்கு மேல் கேட்க நகர மன்றத்துக்குத் தடை எதுவும் இல்லை. ஆண்டு மறுபரிசீலனை மன்றத்துக்கு வரும்போது பொதுமக்கள் பேசலாம், குடியுரிமை வேண்டியதில்லை. ரைபிள்களின் எண்ணிக்கை, வாங்கிய விலை, பயிற்சிச் செலவு என்று மூன்று கலங்கள் கொண்ட ஒரு படிவத்தை வரைந்து வைத்திருக்கிறேன். மகன் அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். மருமகள், மாமா இதை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், கூட்டத்தில் பேச இரண்டே நிமிடம்தான் தருவார்கள் என்கிறாள்.