பச்சை டிக்

இன்று காலை பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சும்மா ஒரு சோதனைக்குத்தான்.

கோப்பு வந்தது. அளவு: 0 கேபி.

பக்கத்துத் திரையில் எட்டு மாதமாக, நாள் தவறாமல், 'வெற்றி' என்று பச்சை டிக். வெறும் உறையைத் தினமும் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்!

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற, கணினித் தரவை அழிக்கும் தீநிரல் தாக்கியபோது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலர்கள் (நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள்) மொத்தமாக அழிந்தன. ஒன்றுக்கொன்று நகலாக இருந்தவை. அதனால் சேர்ந்தே போயின. தப்பியது கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எழுந்துதான் பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் திரும்ப நிறுவினார்கள்.

மின்வெட்டை யார் திட்டத்தில் எழுதுவார்கள்?

எங்கள் மூன்றாண்டுத் திட்டத்தில் கிளவுட், ஏஐ என்று நாற்பது பக்கம் இருக்கிறது. 'மீட்டெடுத்துப் பார்த்தோமா' என்று ஒரு வரி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

மேலாளரிடம் சொன்னேன்.

"டிக் பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.