பேராயரின் புத்தாண்டு எதிர்பார்ப்பு

இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளின் பேராயர்கள் எழுதும் புத்தாண்டு மடலில் அருட்பணி (நற்செய்திப் பணி), சபை வளர்ச்சி இரண்டும் அடிக்கடி வரும். எழுதுவது எளிது, கணக்கெடுப்பதில்தான் சிக்கல். கிறிஸ்துமஸ் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கிலாந்து திருச்சபை அக்டோபரில் நான்கு வாரம் ஆராதனைக்கு வருவோரை எண்ணுகிறது, பெரியவர்கள் தனி, பிள்ளைகள் தனி. பக்கத்துச் சபையிலிருந்து மாறி வந்தவர்களைப் புது ஞானஸ்நானத்தோடு சேர்க்கவும் கூடாது. அது வெறும் இடமாற்றம்.

பெரிய ஓட்டை திடப்படுத்தலுக்குப் பிறகு, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே உறுதிப்படுத்தும் சடங்குக்குப் பிறகு. பேராயர் தலைமேல் கை வைத்து ஜெபித்த மறுமாதமே இளையோரைக் காணோம்! திடப்படுத்தலுக்கான வகுப்பு நடக்கும்போதே வேதபாடம் வாசிப்பது, பாடகர் குழு என ஏதாவது பொறுப்பைக் கையில் கொடுத்தால் நிற்பார்கள். 1984இல் உலக ஆங்கிலிக்கன் சபைகள் கூடிப் பேசும் அமைப்பான ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றம் வகுத்த அருட்பணி அடையாளங்களில் நற்செய்தி அறிவிப்பது முதலாவது. புது விசுவாசிகளுக்குப் போதித்து வளர்ப்பது இரண்டாவது. பல சபைகள் முதலாவதோடு கடையைக் கட்டிவிடுகின்றன.