அன்னாசி செஞ்ச துரோகம்

ஞாயித்துக்கிழமை மதியம் அத்தை வீட்டுல எல்லாரும் சாப்பிட வர்றாங்க, ப்ரூட் சாலட் நான் போடுறேன்னு வாயை விட்டேன்.

அரை லிட்டர் பால், 2 ஸ்பூன் கஸ்டர்ட் பவுடர். பவுடரை ஆறின பால்ல கரைச்சுட்டுத்தான் கொதிக்கிற பால்ல ஊத்தணும். நேரா கொட்டினா கோலிகுண்டு மாதிரி கட்டி மிதக்கும் (போன வருஷ அனுபவம்). இந்தத் தடவை கரண்டி முதுகுல வழவழன்னு ஒட்டி நிக்கிற பதம், சரியா வந்துச்சு. ஆப்பிள், மாதுளை, திராட்சை போட்டாச்சு. வாழைப்பழம் கறுத்துடும்னு கடைசிக்கு.

அதோட விட்டிருக்கலாம். பிரிட்ஜுல அரை அன்னாசி கிடந்துச்சு. நறுக்கிப் போட்டு ராத்திரி முழுக்க வெச்சுட்டேன்.

மறுநாள் எடுத்தா நீர்த்துப்போய், வாயில வெச்சா வேப்பங்காய்!

அத்தை ஒரே ஸ்பூன்தான். "அன்னாசியப் பச்சையாவாடி போட்ட?"

பச்சை அன்னாசியில புரோமலைன்னு ஒரு நொதி இருக்கு. பால் புரதத்தை அறுத்துப் போட்டுடும், கசப்பு அதனாலதான். சர்க்கரை போட்டு நல்லா கொதிக்க விட்டிருந்தா செயலிழந்திருக்கும். டின் அன்னாசியைச் சூடாக்கித்தான் அடைக்கிறாங்க, அது இந்த வேலை காட்டாது.

1837-ல பர்மிங்காம்ல ஆல்ஃபிரட் பேர்ட், மனைவிக்கு முட்டை ஒத்துக்கலைன்னு சோளமாவுல கண்டுபிடிச்ச சமாச்சாரம் இந்த கஸ்டர்ட் பவுடர். அந்த மனுஷன் பொண்டாட்டிக்காக எவ்வளவு யோசிச்சிருக்கார். எங்க வீட்டுக்காரர் தெருமுனைக் கடைக்குப் போய் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தார். மிச்சமிருந்த வாழைப்பழத்தை அதுலதான் நறுக்கிப் போட்டேன்.