லிஃப்ட் அருகே ஒரு வெள்ளைப் பலகை

18 பிப்ரவரி 2023, சனி

என்பிளாக், அதாவது எங்கள் அடுக்குமாடியின் எல்லா வீடுகளையும் மொத்தமாக விற்பது பற்றிய பேச்சு மூன்று வருடமாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இன்று மேசை போட்டுவிட்டார்கள். கீழ்த்தளக் கூடத்தில் வக்கீலுக்கு ஒரு மேசை, சொத்து முகவருக்கு ஒரு மேசை, நடுவில் கறிபஃப் தட்டு. வக்கீல் முன்னிலையில்தான் கையெழுத்து.

கட்டடம் பத்து வயதைத் தாண்டிவிட்டதால் 80 விழுக்காடு சம்மதம் போதும். மிச்சப் பேரையும் சேர்த்து விற்றுவிடலாம். சிங்கப்பூரில் 1999இல் வந்த சட்டம். தலைக்கணக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இல்லையாம். பங்கு மதிப்பும் பரப்பளவும்தான் கணக்கு. மேல்மாடி பெரிய வீட்டுக்காரரின் கை எங்கள் கையைவிடக் கனம்.

இன்னொன்று: வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவருமே போட வேண்டும். இவர் பேனாவை எடுத்தார். நான் கறிபஃப் எடுத்தேன்.

4 மார்ச், சனி

லிஃப்ட் பக்கத்தில் வெள்ளைப் பலகை வைத்திருக்கிறார்கள். இதுவரை சேர்ந்த சம்மதம், நீல மையில்: 41.6 விழுக்காடு. போட்டவர், போடாதவர் பெயர் எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஐந்தாம் மாடி அக்கா ஏறும்போதெல்லாம் "என்ன சமையல்?" என்பார். இன்று போனையே பார்த்துக்கொண்டு போனார்.

19 மார்ச், ஞாயிறு

இவர் சொல்வதில் தப்பில்லை, எழுதி வைக்கிறேன். 99 வருடக் குத்தகையில் இன்னும் 60தான் மீதம். வாங்குகிறவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை தாங்க வேண்டும்; இல்லாவிட்டால் அவர் மத்திய சேமநிதிப் பணத்தை முழுதாகப் போட முடியாது. 35க்குக் கீழே இருப்பவர்கள் நம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். குளியலறைக் கூரை ஒழுகுகிறது. தனியாக விற்பதைவிட மொத்தமாக விற்றால் கையில் வருவது அதிகம்.

"அப்புறம் எங்கே போறது?" என்றேன்.

அதையும் விசாரித்து வைத்திருந்தார். தனியார் வீட்டை விற்றவர் வீவக (அரசாங்க அடுக்குமாடி) மறுவிற்பனை வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும், 2022 செப்டம்பர் கடைசியில் வந்த விதி. 55 தாண்டியவர்கள் நாலறை அல்லது அதைவிடச் சின்ன வீடு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். எனக்கு 58, இவருக்கு 62. வயதானதில் ஒரு லாபம். எதிர்வீட்டுக்காரருக்கு 44, இரண்டு பிள்ளைகள். அவர் பாடுதான் திண்டாட்டம்.

27 ஏப்ரல், வியாழன்

நேற்று நள்ளிரவுக்குச் சற்று முன் அறிவிப்பு. வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 30இலிருந்து 60 விழுக்காடு. முகவர் வாட்ஸ்அப்பில் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று மூன்று முறை எழுதியிருக்கிறார். எனக்கே கவலை வந்துவிட்டது.

10 ஜூன், சனி

79.3. விற்பனைக் குழு அங்கிள் ஒரு பை மங்குஸ்தானோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். குழுவில் இருப்பதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும்தான். "போட்ட பிறகு மனசு மாறினால் ஐந்து நாளுக்குள் வாபஸ் வாங்கலாம்" என்று பொறுமையாக விளக்கினார். ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பத்து வயதில் போத்தோங் பாசிர் கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலி செய்தோம். அத்தாப்பு ஓலைக் கூரை, வாசலில் முருங்கை. அரசாங்கம் நிலத்தை எடுத்தது. அப்பா வாடகைக்காரர், அவர் சம்மதத்தை யார் கேட்பது? தாள் வந்தது, அப்புறம் லாரி வந்தது. தோ பாயோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர். அம்மாவுக்கு அது சொர்க்கம். அப்பா பல மாதம் லிஃப்டில் ஏறாமல் படியில்தான் போனார். அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டைப் பற்றி "உங்களுக்குச் சரியா?" என்று என்னிடம் கேட்டிருப்பது இதுதான் முதல் தடவை. சட்டென்று பதில் சொல்லிவிட மனசு வரவில்லை, அவ்வளவுதான். மங்குஸ்தான் நன்றாக இருந்தது.

22 ஜூலை, சனி

80.4. நாங்கள் இல்லாமலே தாண்டிவிட்டது. யாரோ பலகையில் சிரிக்கும் முகம் வரைந்திருக்கிறார்கள். இவர் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். மகள் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். அவருக்கா, எனக்கா, பலகைக்கா, தெரியவில்லை.

2 செப்டம்பர், சனி

கட்டடத்தை ஏலக்குத்தகைக்கு விட்டாயிற்று, வாங்க நினைப்பவர்கள் விலை எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் லிஃப்ட் மாற்றும் செலவை ஒத்திவைத்தார்கள். "இடிக்கப்போற கட்டடத்துக்கு எதுக்குப் புது லிஃப்ட்?" கையெழுத்துப் போடாதவர்களும் கை தூக்கினார்கள். நானும்தான்.

9 நவம்பர், வியாழன்

இன்று மூன்று மணிக்குக் கடைசி. ஒரு விலைகூட வரவில்லை. இனிப் பத்து வாரத்துக்குள் யாரிடமாவது நேரடியாகப் பேசி விற்கலாம். முகவர் பேர்ல் பேங்க் கதையை அனுப்பியிருக்கிறார்: 1976இல் கட்டிய குதிரை லாட வடிவக் கட்டடம், மூன்று முறை முயன்று தோற்று, 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்குப் போயிற்று. அது நகரத்து நடுவில். நாங்கள் இருப்பது சிராங்கூன் கோடியில்.

இவர் ராத்திரி தோசை மூன்றோடு நிறுத்திக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

11 நவம்பர், சனி

நாளைக்குத் தீபாவளி. லிஃப்ட் நின்றுவிட்டது. முறுக்கு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஐந்தாம் மாடி அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, "எண்ணெய் எந்தக் கடை?" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு.

ஆறாம் மாடித் திருப்பத்தில் குழு அங்கிள் அரிசி மூட்டையைப் படியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

"அடுத்த தடவையாவது போடுவீங்களா?"

"முதல்ல லிஃப்டுக்குக் கூட்டம் போடுங்க அங்கிள், வர்றேன்."

தலையாட்டிக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.