சுவருக்குள் குறுக்கால் போன வயர்

போன வருடம் மகளுக்கு ஏ.எல். படிக்கத் தனி அறை வேண்டும் என்று வெள்ளவத்தை வீட்டின் மேல்மாடி ஹோலை ஜிப்சம் போர்ட் அடித்து இரண்டாகப் பிரித்தோம். மூன்று மாதம் கழித்து அவளுடைய புத்தகத் தட்டை மாட்டலாம் என்று நானே ட்ரில்லை எடுத்து இரண்டாவது ஸ்க்ரூவை இறக்கும்போது கீழே டீபியில், அதாவது வீட்டு மின்சாரம் பிரிகிற பெட்டியில், 'டக்' என்று ஒரு சத்தம், ஃபேன் நின்றது, அடுப்படியிலிருந்து மனைவி "என்னப்பா செய்தனீங்கள்?" என்கிறார். கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது.

போர்டை வெட்டித் திறந்தபோதுதான் விளங்கியது. பழைய பிளக் பேஸிலிருந்து புதியதற்கு வயரை மூலைக்கு மூலை சாய்வாக இழுத்திருந்தார்கள். வயர் போட்டவர் ஒன்றிரண்டு மீட்டர் மிச்சம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். போர்டை மூடும் முன் எட்டிக்கூடப் பார்க்காத எனக்கும் அதில் பங்கு உண்டு.

நமக்குக் கல்சுவர்தான் பழக்கம். காடி வெட்டி, கொண்டியூட் குழாய் புதைத்து, பூசி முடித்தால் சரி. போர்ட் சுவர் வேறு சாமான். உள்ளே வெற்றிடம், நடுவில் வரிசையாக நிற்கும் ஸ்டட்டுகள், அதாவது போர்டைத் தாங்கும் சட்டக் கால்கள், வயர் அவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். பாரமான எதையாவது மாட்டுகிறவன் வெறும் போர்டில் மாட்ட மாட்டான், தட்டிப் பார்த்து ஸ்டட்டைத் தேடித்தான் ஸ்க்ரூ அடிப்பான். அதாவது வயர் எங்கே அசைய இடமில்லாமல் மாட்டிக்கொண்டு இருக்கிறதோ, சரியாக அங்கேயே.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எங்கள் தச்சு பாஸ் நிறுத்தியது ரெண்டுக்கு ரெண்டு மரம், சீவிய பிறகு 45 மில்லிமீட்டர் இருக்கும். அதன் நடுவில் 16 மில்லிமீட்டர் துளை போட்டால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது 14.5. போர்ட் 12 மில்லிமீட்டர், போர்ட் அடிக்கிற சாதாரண ஸ்க்ரூ 25. போர்டைத் தாண்டி மரத்துக்குள் 13 போய்விடும். தட்டு மாட்ட வேண்டாம், போர்டை அடிக்கும்போதே வயருக்கும் ஸ்க்ரூ நுனிக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர்தான்! நான் தட்டுக்கு எடுத்த ஸ்க்ரூவோ ஒன்றரை அங்குலம்.

இதே துளையை நாலுக்கு ரெண்டு மரத்தில், நாலு அங்குல ஆழத்தின் நடுவில் போட்டால் ஒவ்வொரு பக்கமும் 42 மில்லிமீட்டர் கிடைக்கும். அமெரிக்க வயரிங் விதி துளையின் விளிம்புக்கும் ஸ்டட்டின் முகத்துக்கும் இடையில் 32 மில்லிமீட்டராவது கேட்கிறது, இல்லையென்றால் துளைக்கு நேரே 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அடிக்கச் சொல்கிறது. நாம் இங்கே அதிகம் பின்பற்றுகிற பிரிட்டிஷ் விதியில் சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மில்லிமீட்டர் ஆழம். அதற்குக் குறைந்தால் வயர் சுவிட்ச் அல்லது பிளக் பேஸிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில்தான் பொதுவாகப் போக வேண்டும், கூடவே 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். நேர்கோட்டில் போகச் சொல்வதன் காரணம் எனக்குப் பிடித்தது. பத்து வருடம் கழித்து வேறு யாரோ ஆணி அடிக்க வரும்போது, பிளக் பேஸைப் பார்த்தே வயர் எங்கே இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். சாய்வாகப் போன வயரை யார் ஊகிப்பார்?

திருத்த வேலைக்கு ஹட்டன் தம்பி ஒருவர் வந்தார், என்விகியூ தொழிற்பயிற்சிச் சான்றிதழ் முடித்தவர். வந்ததும் முதலில் கேட்டது, "அண்ணே, மெயினை ஓஃப் பண்ணியாச்சா?" பண்ணியாச்சு என்று சொன்ன பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். பழைய வயரை ஒட்டுப் போட மறுத்துவிட்டார், மூடிய சுவருக்குள் ஜொயின்ட் இருக்கக் கூடாதாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புது 7/0.67 வாங்கி வந்தேன், அதுதான் 2.5 சதுர மில்லிமீட்டர், பிளக் பேஸுக்குப் போடுவது. எல்லா ஸ்டட்டிலும் ஒரே உயரத்தில், பிளக் பேஸ் மட்டத்திலேயே துளை, ஒவ்வொரு துளைக்கு முன்னும் பின்னும் தகடு. அந்தத் தகட்டைக் கடையில் கேட்டால் விழிக்கிறார்கள். கடைசியில் வெல்டிங் பட்டறையில் இரண்டு மில்லிமீட்டர் தகட்டை வெட்டுவித்து, கடல் காற்றுக்குத் துரு பிடிக்கும் என்று ஆன்டி-ரஸ்ட் பெயின்ட்டும் அடித்தோம்.

மேலேயிருந்து இறங்குகிற துண்டை ஸ்டட்டின் பக்கவாட்டில், முன்னுக்கும் இல்லாமல் பின்னுக்கும் இல்லாமல் நடுவில் கிளிப் அடித்தார். பிளக் பேஸ் உட்காருகிற சங்க் பொக்ஸிலிருந்து ஓர் அடிக்குள் முதல் கிளிப், அப்புறம் நாலரை அடிக்குள் அடுத்தது, அதற்கு மேல் இடைவெளி விடாமல். கிளிப் வயரைப் பிடிக்க வேண்டும், நசுக்கக் கூடாது. சுத்தியலின் கடைசி அடியில்தான் பலர் உறையைப் பிளக்கிறார்கள். பொக்ஸுக்குள் ஒரு சாண் வயர் கூடுதலாக விட்டார், நாளைக்குப் பிளக் பேஸ் மாற்ற வந்தால் இழுத்துப் பிடிக்க நீளம் வேண்டுமே.

உங்கள் வீட்டில் மரத்துக்குப் பதில் ஜீஐ இரும்புத் தகட்டு ஸ்டட் என்றால் வயர் போகத் துளை ஏற்கனவே இருக்கும், ஆனால் அதன் விளிம்பு பிளேட் மாதிரி. துளை விளிம்பில் மாட்டுகிற ரப்பர் வளையம், கிரோமெட், போடாமல் வயரை இழுத்தால் உறை சீவுப்படும், அப்புறம் அந்த முழுச் சட்டத்துக்கும் கரண்ட் ஏறலாம். எலெக்ட்ரிக் கடையில் கிரோமெட் கிடைக்காவிட்டால் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடுங்கள். மரச் சட்டமோ இரும்போ, ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் போர்ட் சுவருக்குள் வயர் போடவே வேண்டாம் என்பது என் கட்சி.

சத்தம் கேட்காமல் இருக்க உள்ளே ரெஜிபோம் (தெர்மோகோல்) அடைக்கலாம் என்று மச்சான் யோசனை சொன்னார். நல்லவேளை, தம்பி தடுத்துவிட்டார். ரெஜிபோம் வயரின் பிவிசி உறையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் உறையை மிருதுவாக வைத்திருக்கிற சாமான் அதற்குள் இறங்கி, உறை காலப்போக்கில் விறைத்துவிடும். அதற்குப் பதில் நாங்கள் அடைத்த கண்ணாடிப் பஞ்சுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, சூடு வேறு கதை. பிரிட்டிஷ் அட்டவணையில் 2.5 தட்டை வயரை வெளியே சுவரில் கிளிப் அடித்தால் 27 அம்பியர், பஞ்சுக்குள் முழுதாகப் புதைத்தால் 13.5. அதுவும் சுற்றுச் சூடு 30 பாகை என்று வைத்துப் போட்ட கணக்கு, நம் சீட் கூரைக்குக் கீழே மத்தியானம் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வயர் போகிற வரியில் பஞ்சை விலக்கி வைத்தோம்.

போர்டை மூடும் முன் தம்பி மெக்கரில், அதாவது வயர் உறையில் கசிவு உண்டா என்று பார்க்கும் கருவியில், 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். ஒரு மெகா ஓம்முக்குக் குறையக் கூடாது, எங்களுடையது அதைவிட எவ்வளவோ மேலே காட்டியது. நான் அளவு நாடாவை ஸ்டட்டோடு நிறுத்தி வைத்து, தரையிலிருந்து உயரம் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். போன கிழமை மகள் அதைப் பார்த்து அளந்து, தன் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டாள். என்னிடம் ட்ரில்லைத் தரவில்லை.