இடப்பக்கம் மூணாம் பலகை

ஏப்ரல் 18
படகின் அடிக்கட்டையான ஏராவுக்கு 16 அடியில் ஒரே கட்டை கிடைக்கவில்லை. இரண்டு கருவேலங்கட்டைகளைப் பொருத்தியாச்சு. உயரம் 5 இஞ்ச், பொருத்தின் சாய்வு 40 இஞ்ச். எட்டு மடங்கு. இதில் கஞ்சத்தனம் ஆகாது. குட்டையாக வெட்டினால் அலை தூக்கிப்போடும்போது முதலில் வாய் பிளப்பது இதுதான். தண்ணீர் பொருத்து வழியே ஊறி ஏறாமலிருக்க குறுக்கே அரை இஞ்ச் துளையிட்டு மென்மரக் குச்சி அடிக்க வேண்டும். முன் குச்சி அடித்தாச்சு. பின் குச்சி, முதல் பலகைக்குக் காடிப் பள்ளம் வெட்டிய பிறகு.

ஏப்ரல் 22
வங்குக்கால், படகின் விலா எலும்பு மாதிரி, அடிக்கு ஒன்று. தானாக வளைந்து வளர்ந்த கிளைதான் வேண்டும். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே அறுபட்டு, ஆணி இறங்குகிற இடத்திலேயே பிளக்கும்.

ஏப்ரல் 27
இரண்டு அயினிப் பலகைகளை ஒதுக்கியாச்சு. ஓரத்தில் வெள்ளை. புழு முதலில் அதைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த நடுமரம் மட்டும் போதும்.

மே 5
கத்திரி.

மே 9
முதல் பலகை அணியத்தில், படகின் முன்முனையில், முறுக்கிக்கொண்டு ஏறிவிட்டது! மேலே ஈரச்சாக்கு, அடியில் சிரட்டைத் தீ, நுனியில் கல். ஒரு மணி நேரத்துக்குமேல் பிடித்தது. அவசரப்பட்டிருந்தால் நார் எழும்பியிருக்கும்.

மே 16
இடப்பக்கம் மூணாம் பலகை. பந்தலுக்குள் சாயங்கால வெயில் அந்தப் பக்கந்தான் விழுகிறது. இடைவெளி ஒரு நூலுக்கு (அரைக்கால் இஞ்ச்) பதில் இரண்டு நூல்.

மே 23
செம்பாணி. துளை ஆணியைவிடச் சற்றுச் சிறியது. வளையம் போட்டு, ஆணியின் கனத்தளவு மட்டும் விட்டு வெட்டி, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளைந்துவிடும், வெளியே தெரியாது. இடையில் ஓர் இரும்பாணிகூடக் கலக்கக் கூடாது. உப்புத்தண்ணீரில் செம்பின் பக்கத்தில் இருக்கிற இரும்பு சீக்கிரம் கரைந்துபோகும்.

ஜூன் 2
கலப்பத்து, பலகை இடுக்கில் பஞ்சு அடிக்கிற வேலை. உள்பக்கம் பலகைகள் முட்டி நிற்க வேண்டும், வெளிப்பக்கம் மட்டும் திறப்பு. மற்ற வரிகளில் பஞ்சுத்திரி நன்றாக இறங்கியது. மூணாம் பலகையில் கை வரவில்லை. காய்ந்து சுருங்கியிருக்கிறபோது இறுக்கி அடித்தால், கடலில் ஊறிப் பெருக்கும்போது பஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை, பலகை ஆணியை இழுத்துக்கொண்டு வங்கிலிருந்து விலகும். தளர்த்தி அடித்தால் பஞ்சு கழன்று வரும். கச்சான் காற்று வேறு விடாமல் அடித்து உலர்த்துகிறது. மூன்று நாள் ஈரச்சாக்கு போட வேண்டும், கடல்தண்ணீரில் நனைத்து. நல்லதண்ணீர் மரத்தை உளுக்க வைக்கும். ஒன்றரை நூலுக்கு வரட்டும்.

ஜூன் 3
இரண்டு நூல்.

ஜூன் 5
ஒன்றரை. அடித்தாச்சு.

ஜூன் 6
குங்கிலியம், புன்னை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய பூச்சு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு நகத்தால் வளைத்துப் பார்க்க வேண்டும். நொறுங்கினால் எண்ணெய் போதாது. விரலில் ஒட்டினால் கூடிப்போச்சு. நாலாவது காய்ச்சலில்தான் பதம் வந்தது.

ஜூன் 12
இடுப்பளவுத் தண்ணீரில் கட்டியிருக்கிறது. காலையில் நாலு வாளி, மதியம் மூன்று. பலகை ஊறுகிறவரை இது சகஜம்.

ஜூன் 14
இன்றும் மூன்று வாளி. மூணாம் பலகையில் கசிவே இல்லை, தடவிப் பார்த்தால் விரல் காய்ந்திருக்கிறது. தண்ணீர் ஏராவை ஒட்டி, பொருத்தின் பின்முனையில் வருகிறது. ஏப்ரலிலிருந்து எல்லாப் பக்கத்தையும் புரட்டியாச்சு. பின் குச்சி அடித்ததாக எங்கும் எழுதியில்லை.