ரெண்டாவது மீட்டர்

"அண்ணா, இதுக்கும் காசு கேக்கறாங்க."

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி இன்று காலை ஈபி பெட்டியைத் திறந்து காட்டினார். சோலார் உற்பத்தியை எண்ணத் தனி மீட்டர். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, பாதி உதிர்ந்து.

தன் கூரையில் விளைந்து, தன் லேத்திலேயே தீர்ந்துபோகும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம், அதாவது மின்வாரியக் கம்பிக்கான கட்டணம். சிறு தொழில்களுக்குப் பாதியாகக் குறைத்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான்.

வீட்டுக்கு என்றால் 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பட்டறைக்கு அது கிடையாது.

தொழிலுக்கு இருப்பது வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானச் சலுகை: சோலாரின் மதிப்பில் அவ்வளவை ஆண்டுச் செலவாகக் காட்டி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நல்ல லாபம் பார்க்கிற மில்லுக்கு லட்டு மாதிரி. அடுத்த கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலியில் ஓடுகிறவருக்கு வரியே பெரிதாக இல்லை, எதில் கழிப்பது?

மில்களுக்கும் குறை உண்டு. மாலை 6 முதல் 10 வரை பீக் ஹவர், உயரழுத்த இணைப்புக்கு 25 சதவீதம் கூடுதல். அந்த நேரம் பார்த்து பேனலுக்கு வேலை இல்லை.

"பகல் கரண்ட்டைச் சேத்து வைக்க பேட்டரிக்கு மானியம் குடுக்கச் சொல்லுங்கண்ணா" என்கிறார் பட்டறைத் தம்பி, ஏதோ நான்தான் அமைச்சர் என்பதுபோல. கோரிக்கை என்னவோ நியாயம்தான்.